வண்டிக்கு எந்த டிராக்கர்? கேட்டால் சொல்வதும், கேட்காமலே சொல்வதும்

"பைக்குக்கு ஜிபிஎஸ் மாட்டலாமா, இல்லை ஒரு டேக் வாங்கி சீட்டுக்கடியில் போட்டால் போதுமா?" புது வண்டி எடுத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆன்லைன் கடையில் தேடினால் சில நூறு ரூபாய் புளூடூத் டேகில் தொடங்கி சில ஆயிரம் ரூபாய் கருவி வரை வரிசை கட்டி நிற்கிறது. எல்லாப் பெட்டியிலும் 'டிராக்கர்' என்றுதான் எழுதியிருக்கிறது. விலையையும் ஸ்டார் ரேட்டிங்கையும் மட்டும் பார்த்து வாங்கினால், நமக்கு உதவாத ஒன்று கையில் வந்து சேர வாய்ப்பு அதிகம். அதனால் கருவியை அப்புறம் பார்ப்போம். திருடு போன வண்டி எங்கே போகிறது என்பதைப் பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

திருடியவன் என்ன செய்வான்?

நம் ஊரில் பைக் திருட்டுக்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவைப்படுவதில்லை. சைடு லாக் போட்ட ஹேண்டிலை ஓங்கி உதைத்தால் உடைந்துவிடும் வண்டிகள் ஏராளம். தேய்ந்துபோன பழைய சாவி வேறு வண்டிக்கும் சேர்வதுண்டு. ஸ்டார்ட் ஆகாவிட்டால் இன்னொரு பைக்கில் உட்கார்ந்தபடி காலால் தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். நடுரோட்டில் அதைப் பார்க்கிறவர்கள் பெட்ரோல் தீர்ந்துபோச்சு என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். ரயில்வே ஸ்டேஷன் வாசல், அரசு மருத்துவமனை, கல்யாண மண்டபம், டாஸ்மாக் பக்கம், அப்புறம் ராத்திரியில் தெருவோரம். வண்டி காணாமல் போகும் இடங்களும் பெரும்பாலும் இவைதான்.

எடுத்த பிறகு வண்டி போகும் வழி மூன்று. முதல் வழி, ஓட்டிவிட்டுப் போட்டுவிடுவது. செயின் பறிப்புக்கோ வேறு குற்றத்துக்கோ ஒரு வண்டி வேண்டும். வேலை முடிந்ததும் எங்காவது நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். பெட்ரோல் தீரும்வரை சுற்றிவிட்டு விட்டெறியும் விடலைப் பையன்களும் இந்த ரகம்தான். இந்த வண்டிகள் முழுதாகவே கிடைக்கின்றன, என்ன, யாராவது கவனித்துச் சொல்லும்வரை வாரக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும். இரண்டாவது, நம்பர் பிளேட்டை மாற்றி, போலி ஆர்.சி. புத்தகத்தோடு தூரத்து ஊரில் பாதி விலைக்கு விற்பது. கார் என்றால் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் வரை கை வைப்பார்கள். விபத்தில் நொறுங்கி 'டோட்டல் லாஸ்' ஆன கார் ஒன்றின் ஆவணங்களை வாங்கி, அதே மாடல் திருட்டு காருக்கு அந்த அடையாளத்தைக் கொடுப்பதும் உண்டு. மூன்றாவது, பிரித்துப் போடுவது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் சோத்திகஞ்ச் என்ற உதிரிபாகச் சந்தை இதற்காகவே பேர் எடுத்தது. 2021-இல் போலீஸ் தொடர்ந்து நடவடிக்கை எடுத்து, அந்த வருட டிசம்பரில் சந்தையே இழுத்து மூடப்பட்டது. சென்னையில் இந்தப் பேச்சு வந்தால் எல்லோர் வாயிலும் புதுப்பேட்டை வந்துவிடும். அங்கே நேர்மையாகப் பழைய சாமான் விற்றுப் பிழைப்பவர்கள்தான் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த மூன்றில் ஒவ்வொன்றும் நமக்குத் தரும் அவகாசம் வேறு. முதல் வழியில் போன வண்டியை நாலு நாள் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். மூன்றாவது வழியில் போனதற்குச் சில மணி நேரம்தான். விடிந்து எழுந்து, வாசலைப் பார்த்து, 'எங்கடா வண்டி' என்று நாம் அதிர்ச்சியாவதற்குள் டேங்க் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம் போயிருக்கும். அப்போது போனைத் திறந்து இடத்தைத் தேடினால், சீட்டோடு சேர்த்துக் குப்பையில் கிடக்கும் கருவியைத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அதனால் என்னைப் பொறுத்தவரை டிராக்கர்களில் இரண்டே சாதிதான். நாம் கேட்டால் இடத்தைச் சொல்வது ஒன்று. யாரும் கேட்காமலே, வண்டி அசைந்த நொடியில் நம்மை எழுப்பிச் சொல்வது இன்னொன்று. விலை, பேட்டரி, ஆப் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

புளூடூத் டேக்

ஆப்பிளின் ஏர்டேக் 2021 ஏப்ரலில் வந்தது. ஜியோ டேக் உட்பட விலை குறைந்த பல டேகுகள் பின்னாலேயே வந்தன. இதற்குள் ஜிபிஎஸ்ஸும் கிடையாது, சிம்மும் கிடையாது. ஒரு புளூடூத் சிப், ஒரு பொத்தான் பேட்டரி, அவ்வளவுதான். டேக் தன் அடையாளத்தைத் தொடர்ந்து ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகிற யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தை மறையாக்கம் செய்து சர்வருக்கு அனுப்பும். அந்த ஆளுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. நம் மேப்பில் புள்ளி விழும்.

இதில் நல்லது, செலவு ஒரு முறைதான். ரீசார்ஜ் கிடையாது. ஏர்டேக் பேட்டரி ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். வண்டியில் ஒரு வயரைக்கூடத் தொட வேண்டியதில்லை. சின்னது என்பதால் ஒளிக்க நூறு இடம் இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். டேக் எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பது அதைக் கடந்து போகும் போன்களைப் பொறுத்தது. ஏர்டேகை ஐபோன் உள்ளவர்தான் பயன்படுத்த முடியும். அதைக் கண்டு சொல்வதும் ஆப்பிள் கருவிகள்தான். சென்னை ஓ.எம்.ஆரில் ஐபோனுக்குப் பஞ்சமில்லை. விழுப்புரம் தாண்டி ஒரு கிராமத்துக் கொட்டகைக்குள் வண்டி நின்றால், அந்தப் பக்கம் ஒரு ஐபோன் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சரி, நம் ஊரில் எங்கும் ஆண்ட்ராய்டுதானே, கூகுள் நெட்வொர்க்கில் சேரும் டேக் வாங்கலாமே என்று தோன்றும். 2024-இல் தொடங்கிய அந்த நெட்வொர்க்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தனிமனித ரகசியம் காக்க, ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் மட்டும், பல போன்கள் ஒரே டேகைக் கண்டால்தான் இடத்தைக் காட்டும் என்பதுதான் ஆரம்ப செட்டிங். ஒவ்வொருவரும் தன் போனில் இதை மாற்றிக்கொள்ளலாம். யார் மாற்றுகிறார்கள்? ஆகவே எண்ணிக்கையில் ஆண்ட்ராய்டு எவ்வளவு இருந்தாலும் ஒதுக்குப்புறத்தில் அது கைகொடுக்கும் என்று நம்பிவிட முடியாது.

இன்னொன்று இதைவிட முக்கியம். டேகை ஒருவரின் கைப்பையில் அவருக்குத் தெரியாமல் போட்டு அவரைப் பின்தொடரும் அக்கிரமம் நடந்ததால், சொந்தக்காரரைப் பிரிந்த டேக் வேறொருவரோடு நகர்ந்தால் அவருடைய போனே அவரை எச்சரிக்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். 2024 மே முதல் ஆப்பிளும் கூகுளும் இதற்குப் பொதுவான முறையையே வைத்திருக்கின்றன. பெண்களின் பாதுகாப்புக்கு அவசியமான ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் திருடனின் போனும் போன்தான். 'உங்களோடு ஒரு டேக் நகர்கிறது' என்று அவனுக்கும் செய்தி போகும், டேகை ஒலிக்க வைத்துத் தேடியும் எடுத்துவிடலாம். வேடிக்கை என்னவென்றால், திருடர்களும் இதே டேகைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கனடாவின் யார்க் பகுதி போலீஸ் 2021 டிசம்பரில் ஓர் எச்சரிக்கை விட்டது. கடை வாசலில் நிற்கும் விலை உயர்ந்த கார்களில் ஏர்டேகை ஒட்டி, ராத்திரி அது எந்த வீட்டில் நிற்கிறது என்று பார்த்துப் போய் எடுத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், டேக் கேட்டால் சொல்கிற சாதி. நடுராத்திரியில் வண்டி நகர்ந்தால் நம்மை எழுப்பும் என்று அதை நம்ப முடியாது. விட்டெறிந்த வண்டியைத் தேட உதவும், பிரிக்கப் போகிற வண்டியைப் பிடிக்க உதவாது.

வயர் இழுத்து மாட்டும் ஜிபிஎஸ்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'சாட்டிலைட் மூலமா கண்டுபிடிச்சிடுவாங்க' என்பது பொதுவான நம்பிக்கை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நம் வண்டி இருப்பதே தெரியாது. அது நேரத்தையும் தன் இருப்பையும் சொல்லிக்கொண்டே இருக்கும். கருவிதான் அதைக் கேட்டு, கணக்குப் போட்டு, தன் இடத்தைத் தெரிந்துகொண்டு, உள்ளே இருக்கும் சிம் வழியாக நமக்குச் சொல்கிறது. ஆக வானமும் தெரிய வேண்டும், டவரும் கிடைக்க வேண்டும். தரைக்கீழ் பார்க்கிங்கில் வானம் மறைந்தால், டவரை வைத்துக் குத்துமதிப்பாக ஒரு வட்டத்தைக் காட்டும். அந்த வட்டம் கிராமப்புறத்தில் கிலோமீட்டர் கணக்கில்கூட இருக்கும்.

இதை மாட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. அதிலிருந்து வரும் வயர்களில் சிவப்பு பேட்டரிக்கு, கறுப்பு எர்த்துக்கு. பல மாடல்களில் ஆரஞ்சு வயர் சாவி ஆன் ஆனதை அறிய, மஞ்சள் ரிலேக்கு. ரிலே என்பது எஞ்சினைத் தூரத்திலிருந்தே நிறுத்த உதவும் சின்ன சுவிட்ச். எலக்ட்ரீஷியன் அவசரத்தில் இருந்தால் பேட்டரி பக்கத்திலேயே பெட்டியைச் சொருகி, டேப் சுற்றி, மூடியைப் போட்டுவிடுவார். விவரமானவர் அப்படிச் செய்ய மாட்டார். "பேட்டரிகிட்ட வைக்காதீங்கண்ணே, வயரைப் பிடுங்க வர்றவன் மொதல்ல அங்கதான் கையை விடுவான்" என்று சொல்லி, ஸ்கூட்டராக இருந்தால் முன்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றி ஹெட்லைட்டுக்குப் பின்னால் கொண்டுபோவார். மேலே பிளாஸ்டிக் இருக்கலாம், இரும்புத் தகடு இருக்கக் கூடாது. ஆன்டெனா பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். புது வண்டி என்றால் கம்பெனி வயரை வெட்டாமல், சொருகி இணைக்கும் கப்ளர் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். வெட்டிய வயரைப் பார்த்தால் சர்வீஸ் சென்டரில் எலக்ட்ரிக்கல் வாரன்ட்டிக்குக் கையை விரித்துவிடுவார்கள்.

இந்தக் கருவிதான் கேட்காமலே சொல்கிற சாதி. சாவி இல்லாமல் வண்டி அதிர்ந்தால், நாம் வரைந்த எல்லையைத் தாண்டினால், யாராவது பேட்டரி வயரைப் பிடுங்கினால் உடனே தகவல் வரும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் தகவல் எப்படி வரும் என்பது. வெறும் ஆப் நோட்டிபிகேஷன் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு அது சத்தமில்லாமல் வந்து போகும். போன் அழைப்பாக வரும் கருவிகள் இருக்கின்றன. நூறு இருநூறு கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்கலாம். இரண்டாவது கேள்வி, உள்பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. வயரைப் பிடுங்கிய பிறகு சில கருவிகள் கொஞ்ச நேரத்திலேயே செத்துவிடும், சில பல மணி நேரம் பேசும். பேருந்து, டாக்சி போன்ற பயணிகள் வாகனங்களுக்கு 2019 முதல் கட்டாயமாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 140 தரத்தில் இந்த உள்பேட்டரி 4 மணி நேரமாவது தாங்க வேண்டும். பைக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் கடைக்காரரிடம் பேச அது ஒரு நல்ல அளவுகோல்.

அடுத்தது சிம். மலிவான பல கருவிகள் இன்னும் 2ஜியில் ஓடுகின்றன. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அதனால் வீட்டில் சும்மா கிடக்கும் ஜியோ சிம்மை அதில் போட்டால் வேலை செய்யாது. கடைக்காரர் இதைச் சொல்ல மறந்துவிடுவார். நாமே சிம் போடுவதில் இன்னொரு தொல்லை, ரீசார்ஜ். போனுக்கு மறந்தால் உடனே தெரிந்துவிடும். வண்டிக்குள் இருக்கும் சிம் செத்தது திருடு போன அன்றைக்குத்தான் தெரியும். கருவிகளுக்கென்றே கொடுக்கப்படும் 13 இலக்க எம்2எம் சிம்மோடு, வருடச் சந்தாவில் வரும் 4ஜி கருவிதான் தலைவலி குறைந்த வழி. கருவியின் விலையோடு இரண்டாம் வருடச் சந்தாவையும் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முதல் வருடம் இலவசம் என்று கொடுத்துவிட்டு அடுத்த வருடம் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

பேட்டரிக் கணக்கு பைக் வைத்திருப்பவர்களுக்கு மிக முக்கியம். 100, 110 சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 3 ஆம்பியர் அவர் பேட்டரி. கருவி சராசரியாக 20 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அரை ஆம்பியர் அவர் போய்விடும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் பேட்டரி காலி. செல்ஃப் எடுக்காமல் போக இரண்டு மூன்று நாளே போதும். கிக்கர் இல்லாத வண்டியாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். நிற்கும்போது தூங்கும் 'ஸ்லீப் மோட்' உள்ள கருவியா என்று கேட்டு, எத்தனை மில்லி ஆம்பியர் என்பதையும் பெட்டியில் பார்த்து வாங்குங்கள். காருக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

கடைசியாக ரிலே. போனில் ஒரு பட்டனை அழுத்தி திருடன் கையில் இருக்கும் வண்டியை நிறுத்துவது கேட்க சினிமா மாதிரி நன்றாக இருக்கிறது. எனக்கு இதில் தயக்கம் உண்டு. ஓடும் வண்டி நெடுஞ்சாலையில் திடீரென்று நின்றால் பின்னால் வரும் லாரிக்கு அது திருட்டு வண்டி என்று தெரியாது. குறைந்த வேகத்தில் மட்டும் துண்டிக்கும் கருவியானால் சரி. அப்புறம் அந்த பட்டன் நம் கையில் மட்டும்தான் இருக்கிறதா என்பதும் ஒரு கேள்வி. 2022 ஜூலையில் சீனாவின் மைக்கோடஸ் நிறுவனம் தயாரித்த எம்.வி.720 என்ற டிராக்கரில் பெரிய ஓட்டைகள் இருப்பதை பிட்சைட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையும் எச்சரித்தது. அந்த நிறுவனத்தின் கருவிகள் 169 நாடுகளில் 15 லட்சம் வண்டிகளில் இருந்தன. வெளியாள் ஒருவர் வண்டியின் இடத்தைப் பார்க்கலாம், எரிபொருளையும் நிறுத்தலாம் என்ற நிலை. ஆரம்ப பாஸ்வேர்டு 123456. நம் ஊரில் பெயர் தெரியாத பிராண்டில் விற்கும் கருவிகள் பலவற்றுக்கும் ஆரம்ப பாஸ்வேர்டு அதேதான். மாட்டிய அன்றே மாற்றிவிடுங்கள்.

காரில் கோளாறு பார்க்க மெக்கானிக் கருவியைச் சொருகும் ஓ.பி.டி. போர்ட்டில் மாட்டும் டிராக்கர்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. மாட்ட அரை நிமிடம், திருடன் கழற்றவும் அரை நிமிடம். டிரைவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்க்க நல்லது, திருட்டுக்கு உதவாது. காந்தத்தில் ஒட்டும் பேட்டரி டிராக்கர் டிராக்டர், ஜே.சி.பி., டிரெய்லர் போன்றவற்றுக்குப் பொருந்தும். சார்ஜ் போட யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

கம்பெனியே கொடுப்பது

2019-இல் ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர் வந்ததிலிருந்து 'கனெக்டட் கார்' என்ற சொல் ஷோரூம் பேச்சில் நிலைத்துவிட்டது. ஏதர் போன்ற மின்சார ஸ்கூட்டர்களிலும் சிம் உள்ளேயே இருக்கிறது. வண்டியின் உள்ளமைப்போடு பிணைந்திருப்பதால் பிடுங்குவது கடினம், தனி பேட்டரிக் கவலை இல்லை, வாரன்ட்டிக்கும் பாதிப்பில்லை. இலவச காலம் முடிந்ததும் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் பொதுவான கோளாறு. கம்பெனி ஆப்பைக் காட்டி 'ஜிபிஎஸ் இருக்கு சார்' என்று சொன்னால் சந்தா எத்தனை வருடம், அதற்குப் பிறகு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பைக், ஸ்கூட்டர் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2018-இல் டிவிஎஸ் என்டார்க் வந்தபோது 'கடைசியாக நிறுத்திய இடம்' காட்டும் வசதி பெரிதாகப் பேசப்பட்டது. இப்போது பல வண்டிகளில் அது உண்டு. புளூடூத் மட்டும் உள்ள வண்டியில், நாம் இறங்கிப் போகும்போது நம் போன் குறித்துக்கொண்ட இடம்தான் அது. பெரிய மாலில் வண்டியை எங்கே விட்டோம் என்று தேட உதவும். அங்கிருந்து வண்டியை யார் எங்கே கொண்டுபோனாலும் ஆப் அதே இடத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். வண்டிக்குள் சிம் இருக்கிறதா என்ற ஒரே கேள்வியில் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பூட்டை மறந்துவிட வேண்டாம்

அமெரிக்கக் கதை ஒன்று இங்கே பொருத்தமாக இருக்கும். 2011 முதல் 2021 வரையிலான கியா, 2015 முதல் 2021 வரையிலான ஹூண்டாய் கார்களில் பலவற்றில் இம்மொபிலைசர் இல்லை. சரியான சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பவிடாத அந்தச் சின்ன வசதியை மிச்சம் பிடித்தார்கள். 2021, 2022-இல் அந்த கார்களை எடுக்கும் விதம் டிக்டாக் வீடியோவாகப் பரவியது. 2023-இல் அமெரிக்காவில் 10 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் திருடு போயின. நியூயார்க் மேயர் 2023 ஏப்ரலில் 500 ஏர்டேகுகளை இலவசமாகத் தருவதாக அறிவித்தார். அதே வருடம் கம்பெனிகள் இலவச சாஃப்ட்வேர் திருத்தத்தையும் கொண்டுவந்தன. 2024-இல் எண்ணிக்கை 17 சதவீதம் குறைந்து சுமார் 8.5 லட்சமானது. இறக்கத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் ஏறியதற்கு ஒரு முக்கியக் காரணம் பூட்டில் இருந்த ஓட்டை.

நம் கம்யூட்டர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் இம்மொபிலைசர் கிடையாது. 2023-இல் வந்த ஆக்டிவா எச்-ஸ்மார்ட் போன்ற சாவியில்லா ஸ்கூட்டர்களில் இருக்கிறது. இல்லாத வண்டிக்கு மெக்கானிக் கடையில் சில நூறு ரூபாயில் ஒரு சீக்ரெட் சுவிட்ச் வைத்துக் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் அதை ஆஃப் செய்தால் எஞ்சின் பிடிக்காது. அதோடு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, நல்ல கலரில் ஒரு டிஸ்க் லாக். டிஸ்க் இல்லாத வண்டிக்கு சக்கரத்தோடு கம்பத்துக்கோ கேட்டுக்கோ போடும் தடித்த செயின். வரிசையாகப் பத்து வண்டி நிற்கும்போது திருடன் சுலபமானதைத்தான் தேர்ந்தெடுப்பான். டிராக்கர் அழைத்து நாம் படியிறங்கி வருவதற்குத் தேவையான அந்த ஐந்து நிமிடத்தை வாங்கித் தருவதும் பூட்டுதான். டிராக்கர் மட்டும் இருந்து பூட்டு இல்லாவிட்டால், வண்டி போவதை மேப்பில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எந்த வண்டிக்கு எது

வீட்டுக்குள் கேட் போட்டு நிறுத்தும் பழைய பைக். இதற்கு செயினும் சீக்ரெட் சுவிட்சும் போதும். ஐபோன் இருந்தால் ஒரு டேகைச் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. 25,000 ரூபாய் கூடப் பெறாத வண்டிக்கு வருடா வருடம் சந்தா கட்டுவதில் அர்த்தமில்லை.

தெருவில் ராத்திரி நிற்கும் புது பைக், லோனில் எடுத்தது. இதற்குத்தான் வயர் ஜிபிஎஸ் அவசியம். 4ஜி, எம்2எம் சிம், போன் அழைப்பாக வரும் எச்சரிக்கை, ஸ்லீப் மோட். ரிலே விருப்பம்தான், நான் மாட்ட மாட்டேன்; சீக்ரெட் சுவிட்ச் அந்த வேலையைச் செய்துவிடும். டெலிவரி வேலை பார்ப்பவர்களும் இந்த வகைதான். நாள் முழுதும் வண்டி ஓடுவதால் பேட்டரிப் பிரச்சினை அவர்களுக்கு வராது.

கார் என்றால் கம்பெனி இணைப்பு இருந்தால் சந்தாவை விடாமல் கட்டிவிட்டு, ஒரு டேகை உள்ளே எங்காவது ஒளித்துவையுங்கள். இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால், ஜாமர் வைத்து சிம்மை ஊமையாக்கினாலும் பிறகு டேக் காட்டிக்கொடுக்க வாய்ப்பு இருக்கிறது. சாவியில்லா கார்களின் ரிமோட்டை வாசல் கதவுப் பக்கம் மாட்டாதீர்கள். அதன் சிக்னலை நீட்டித்து காரைத் திறக்கும் கருவிகள் புழக்கத்தில் உள்ளன.

டாடா ஏஸ் மாதிரி லோடு வண்டி, டிராக்டர் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். வண்டிதான் பிழைப்பு. உள்பேட்டரி நீண்ட நேரம் தாங்கும் வயர் ஜிபிஎஸ்ஸோடு, வேறு இடத்தில் ஒரு காந்த டிராக்கரும். முதலாவதைக் கண்டுபிடித்துப் பிடுங்கியவன் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வான்.

வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. (ARAI) அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவி இருந்தால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு என்று விற்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான். நம் வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்கும் கட்டும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். பைக்குக்குக் கணக்குப் போட்டால் இரண்டு மூன்று டீ செலவு. அதற்காக யாரும் கருவி வாங்க வேண்டாம்.

வண்டி காணோம் என்றால்

1986-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லோஜாக் என்ற டிராக்கர் வந்தபோது, அதன் ரிசீவரை போலீஸ் கார்களில் வைத்தார்கள். தேடிப் போவது போலீஸாகவே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இன்று மேப் நம் கையில் இருக்கிறது. புள்ளியைப் பார்த்ததும் நாலு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றும். போகாதீர்கள். 112-ஐ அழையுங்கள், லைவ் லிங்க்கை ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள், நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'ஏதோ ஆப்ல காட்டுது' என்று சொல்வதை விட, ரூட் ஹிஸ்டரியோடு போய் நின்றால் மரியாதையே வேறு.

ஸ்டேஷனில் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "டியூ பாக்கி ஏதாச்சும் இருக்கா?" கோபப்பட வேண்டாம். தவணை கட்டாத வண்டியை ஃபைனான்ஸ் ஆட்கள் சீஸ் செய்துகொண்டு போயிருப்பார்கள், இல்லை நோ பார்க்கிங்கில் இருந்து டிராஃபிக் போலீஸ் தூக்கியிருப்பார்கள். இரண்டும் இல்லை என்று உறுதியானதும் புகார். புகாரை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். என்ற ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். இன்சூரன்ஸுக்கு அது போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தில் திருட்டு 303-ஆம் பிரிவு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே தகவல் கொடுத்துவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. அதற்காக நாமாக ஒரு சண்டையை இழுத்துக்கொள்வானேன்.

கிளெய்மில் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஸ்பேர் சாவியைத் தொலைத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு 5 வருட தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயம். திருட்டுக்குப் பணம் தரும் ஓன் டேமேஜ் பகுதி பல பாலிசிகளில் ஒரு வருடம்தான். 'அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கே' என்று நிம்மதியாக இருப்பவர்கள், இன்றே பாலிசியை எடுத்து அந்த வரியைப் பாருங்கள்.

வண்டி கிடைத்துவிட்டால் ஸ்டேஷன் வாசலிலிருந்து நேராக ஓட்டி வர முடியாது. அது வழக்குச் சொத்து. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ் காட்டி, பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து இடைக்காலமாக விடுவிக்க வேண்டும். வாகனங்களை ஸ்டேஷனில் மாதக்கணக்கில் வெயிலில் காயவிடக் கூடாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு வக்கீலைப் பிடித்தால் நடக்கிற காரியம்தான்.

வண்டியை விற்கும்போது டிராக்கர் கணக்கை நீக்கி, சிம்மை முடித்து, டேகைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சின், டயர் பார்க்கிற கையோடு மெக்கானிக்கிடம் சொல்லி சீட்டுக்கடியிலும் ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் வயரிங்கை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி ஆப் உள்ள காரானால் முந்தைய ஓனரின் லாகினை உங்கள் கண்ணெதிரே எடுக்கச் சொல்லுங்கள். மறந்துபோன ஒரு கறுப்புப் பெட்டி உள்ளே இருந்தால், அதில் ரிலேயும் இருந்தால், உங்கள் வண்டியை நிறுத்தும் பட்டன் இன்னும் அவர் போனில்தான் இருக்கும்.